ஆண்டிஸ் விமான விபத்தும் அதைச் சொன்ன படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' படத்தைப் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விபத்தைப் பற்றிப் பல வருடங்களாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்த ஆசையில்தான் சில பதில்கள் நீண்டுவிட்டன. கதையின் முடிவு வரை எல்லாமே இதில் வரும். படம் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில், என்ன நடந்தது?

1972 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. உருகுவே விமானப்படையின் 571-ஆம் எண் விமானம் அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரிலிருந்து சிலியின் தலைநகர் சான்டியாகோவுக்குக் கிளம்பியது. முந்தின நாளே மொண்டெவிடியோவிலிருந்து புறப்பட்டிருந்தது. வானிலை சரியில்லாததால் மெண்டோசாவில் இறங்கி ஓர் இரவு தங்க வேண்டியதாயிற்று. உள்ளே 45 பேர். 'ஓல்ட் கிறிஸ்டியன்ஸ்' என்ற ரக்பி அணியின் விளையாட்டு வீரர்கள், அவர்களுடைய நண்பர்கள், உறவினர்கள், ஐந்து விமானப் பணியாளர்கள். பெரும்பாலானவர்கள் இருபது வயதை ஒட்டிய பையன்கள்.

ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது விமானம் ஒரு மலைமுகட்டில் மோதியது. இறக்கைகளும் வாலும் பிய்ந்து போயின. நடு உடல்பகுதி மட்டும் பனியில் சறுக்கிக்கொண்டே இறங்கி, சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் ஒரு பனியாற்றில் நின்றது. மோதலின்போதும் அடுத்த சில மணி நேரத்திலும் 12 பேர் இறந்தார்கள், மறுநாள் விடிவதற்குள் இன்னும் 5 பேர். எட்டாம் நாள் மேலும் ஒருவர். அக்டோபர் 29 இரவு பனிச்சரிவில் 8 பேர். அதன்பின் மெலிந்தும் காயம் சீழ் பிடித்தும் 3 பேர். டிசம்பர் 22, 23 தேதிகளில் ஹெலிகாப்டர்கள் மேலே போனபோது, நடந்தே உதவி தேடிச் சென்ற இருவரையும் சேர்த்து 16 பேர் உயிரோடு இருந்தார்கள். மொத்தம் 72 நாட்கள்.

இதை வைத்து எத்தனை படங்கள் வந்திருக்கின்றன?

கதைப்படங்களில் மூன்று முக்கியமானவை. 1976-இல் மெக்சிகோவில் ஒரு படம் வந்தது. 1993-இல் ஃபிராங்க் மார்ஷல் இயக்கிய 'அலைவ்' வந்தது. 2023-இல் ஹுவான் அந்தோனியோ பயோனா இயக்கிய 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ'. ஆவணப்படங்கள் தனி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கடைசி இரண்டைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரே விபத்து, முப்பது வருட இடைவெளியில் இரண்டு படங்கள். ஒரு துயரத்தைச் சினிமா எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம்?

'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ'. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'அலைவ்' பொய்ப்படம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பியர்ஸ் பால் ரீட் என்ற ஆங்கில எழுத்தாளர் உயிர் பிழைத்தவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி, 1974-இல் வெளிவந்த புத்தகத்தை வைத்து எடுத்தது. நடந்து போன இருவரில் ஒருவரான நாண்டோ பர்ராடோவே படப்பிடிப்பில் ஆலோசகராக இருந்தார். பனிச்சரிவு, ரேடியோ முயற்சி, மலையேற்றம் என்று முக்கிய நிகழ்வுகள் எல்லாம் அதில் உண்டு.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. உருகுவே பையன்கள் அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறார்கள். கனடாவின் மலையில் எடுத்தார்கள். பையன்களின் முகத்தில் இரண்டு மாதப் பட்டினி தெரியவில்லை. இதையெல்லாம்கூட அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம். பெயர்களை மாற்றியதைத்தான் என்னால் எளிதாக விட முடியவில்லை.

பெயரை மாற்றுவதில் என்ன தவறு? குடும்பத்தாரின் மனம் நோகக் கூடாது என்றுதானே மாற்றுகிறார்கள்?

நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். என்ன ஆகிறது என்று பாருங்கள். ரக்பி அணியின் தலைவர் மார்செலோ பெரேஸ். முதல் நாட்களில் காயம்பட்டவர்களை ஒழுங்குபடுத்தியது, கிடைத்த கொஞ்சம் சாக்லேட்டையும் வைனையும் எல்லோருக்கும் பங்கிட்டது, இரவுக் குளிரைத் தடுக்கப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பச் செய்தது எல்லாம் அவர் தலைமையில் நடந்தவை. பனிச்சரிவில் இறந்து போனார். 'அலைவ்' படத்தில் இதே ஆள் 'அந்தோனியோ பால்பி' என்ற பெயரில் வருகிறார். உயிரோடு திரும்பிய நாண்டோவும் அவரோடு நடந்து போன ராபர்ட்டோ கனேசாவும் சொந்தப் பெயரோடு இருக்கிறார்கள். திரும்பாதவர் பெயரைப் பறிகொடுக்கிறார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் அந்தக் கதையைப் பார்த்தார்கள், ஆனால் மார்செலோ என்றொருவர் இருந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது.

பயோனாவின் குழு இந்த இடத்தில்தான் மெனக்கெட்டது. உயிர் பிழைத்தவர்களிடம் மட்டுமில்லாமல் இறந்தவர்களின் குடும்பங்களிடமும் போய்ப் பேசினார்கள். உண்மைப் பெயர்களைப் பயன்படுத்தச் சம்மதம் வாங்கினார்கள். படத்தில் இறப்பு நிகழும்போதெல்லாம் திரையில் பெயரும் வயதும் வருகின்றன. இருபது, பத்தொன்பது, இருபத்தைந்து என்று அந்த வயதுகளைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகும். முதல் முறை பார்த்தபோது அந்த எழுத்துகளைப் படத்தின் ஓர் அலங்காரம் போலக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறை ஒவ்வொன்றையும் நிறுத்திப் படித்தேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

கதை சொல்பவர் நூமா கடைசியில் இறந்துவிடுகிறாரே. அது உண்மையா, திருப்பத்துக்காக வைத்ததா?

நூமா துர்காத்தி உண்மையான மனிதர். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். ரக்பி அணியில் இல்லை, நண்பர்கள் அழைத்ததால் வந்தவர். விமானத்தில் இருந்த பலரை அவருக்கு முன்பின் தெரியாது. காலில் ஏற்பட்ட காயம் சீழ் பிடித்து, உடம்பு கரைந்து, டிசம்பர் 11-ஆம் தேதி இறந்தார். அவர்தான் கடைசியாக இறந்தவர். மறுநாளே மலையேற்றம் தொடங்கியது. அவர் இறந்ததும் இனித் தாமதிக்க முடியாது என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

அவர் குரலில் கதை சொல்ல வைத்தது திரைக்கதையின் கற்பனை. இறந்தவர் எப்படிக் கதை சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கற்பனையின் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. 'அலைவ்' படத்தில் கதை சொல்பவர், உயிர் பிழைத்த கார்லித்தோஸ் பயேஸின் நடுத்தர வயது உருவம். வீட்டில் பத்திரமாக உட்கார்ந்து பழசை நினைத்துச் சொல்கிறார். அப்படி ஆரம்பித்தாலே இது பிழைத்தவர்களின் வெற்றிக் கதை ஆகிவிடுகிறது. மற்ற 29 பேர் வழியில் விழுந்தவர்கள் ஆகிறார்கள். பயோனா கதையைத் திரும்பாத ஒருவரிடம் கொடுத்தார். நாமும் கதை சொல்பவர் எப்படியும் பிழைத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டே போகிறோம். அந்த நம்பிக்கை உடையும்போது, மலையில் இருந்தவர்கள் ஒவ்வொரு காலையும் பக்கத்தில் படுத்திருந்தவரைத் தொட்டுப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்பது கொஞ்சமாவது நமக்குப் புரிகிறது.

பாப்லோ வியர்சி எழுதிய புத்தகத்திலிருந்துதான் படத்தின் பெயரும் வந்தது. வியர்சி உயிர் பிழைத்த பலரோடு ஒரே பள்ளியில் படித்தவர். வெளியாள் எழுதுவதற்கும் வகுப்புத் தோழன் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

இறந்தவர்களின் உடலை உண்டது உண்மைதானா? படம் மிகைப்படுத்தியதா?

உண்மை. மிகைப்படுத்தவில்லை. சொல்லப்போனால் படம் குறைவாகத்தான் காட்டியிருக்கிறது.

அந்த உயரத்தில் புல் பூண்டு கிடையாது, பறவை கிடையாது. இருந்த தின்பண்டங்கள் சில நாட்களில் தீர்ந்தன. பெட்டிகளின் தோலைக் கிழித்து மென்று பார்த்தார்கள். இருக்கைகளுக்குள் வைக்கோல் இருக்குமா என்று கிழித்துப் பார்த்தார்கள், பஞ்சுதான் இருந்தது. அப்புறம்தான் அந்தப் பேச்சு எழுந்தது. எல்லோரும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன்கள். பல மணி நேரம் விவாதித்தார்கள். சிலர் கடைசி வரை தயங்கினார்கள். நான் செத்தால் என் உடம்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். இதைப் பிழைத்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

வெட்டும் வேலையைச் செய்தவர்கள் ஸ்ட்ராவுச் குடும்பத்தின் மூன்று உறவுக்காரப் பையன்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் தள்ளிப் போய்ச் செய்தார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சுமையை மூன்று பேர் எல்லோருக்காகவும் சுமந்தார்கள். படம் இதை அப்படியே மரியாதையோடு வைத்திருக்கிறது. கேமராவும் அவர்களோடு போகாமல் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. சினிமா தன் கண்ணை எங்கே தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர் எடுத்த காட்சி அது.

மீட்கப்பட்ட பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் அவர்கள் இதை வெளியே சொல்லவில்லை. குடும்பங்களிடம் நேரில் சொல்லிவிட்டு அப்புறம் பேசலாம் என்று நினைத்தார்கள். அதற்குள் சிலியின் பத்திரிகைகள் புகைப்படத்தோடு வெளியிட்டுவிட்டன. டிசம்பர் 28-ஆம் தேதி மொண்டெவிடியோவில் தாங்கள் படித்த பள்ளியிலேயே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, இயேசு தன் உடலையே உணவாகத் தருவதாகச் சொன்ன கடைசி இராவுணவை நினைவுகூர்ந்து, நடந்ததைச் சொன்னார். இறந்தவர்களின் பெற்றோர் பலர் அந்தப் பையன்களை ஏற்றுக்கொண்டார்கள்.

விபத்துக்கு யார் காரணம்? படம் அதைச் சொல்லவே இல்லையே?

ஆமாம், படம் விட்டுவிட்ட பெரிய விஷயம் இது. எனக்கு இதில் குறை உண்டு.

அந்த விமானத்தால் ஆண்டிஸின் உயர்ந்த சிகரங்களுக்கு மேலே நேராகப் பறந்து கடக்க முடியாது. அதனால் தெற்கே போய், பிளாஞ்சோன் கணவாய் வழியாக மேற்கே சிலிக்குள் நுழைந்து, குரிகோ என்ற ஊருக்கு மேல் வந்ததும் வடக்கே திரும்பிச் சான்டியாகோ போக வேண்டும். கீழே முழுக்க மேகம். நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிட வேண்டும். கணவாயிலிருந்து குரிகோவுக்கு 11 நிமிடம் ஆகும். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூன்றே நிமிடத்தில் குரிகோ வந்துவிட்டதாகச் சான்டியாகோவுக்குச் சொல்லி, வடக்கே திரும்பி, கீழே இறங்க அனுமதி வாங்கினார். உண்மையில் இன்னும் மலைகளுக்கு நடுவில்தான் இருந்தார்கள்.

இந்தத் தவறு விபத்தோடு முடியவில்லை. படுகாயத்தோடு கிடந்த துணை விமானி, குரிகோவைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விமானத்தின் உயரமானியும் உடைந்து, நிஜ உயரத்தைவிட மிகக் குறைவாகக் காட்டியது. அதனால் பையன்கள் தாங்கள் சிலியின் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மேற்கே ஒரு மலையைத் தாண்டினால் பச்சைப் புல்வெளி வந்துவிடும் என்று நம்பினார்கள். அவர்கள் கிடந்த இடம் அர்ஜென்டினாவுக்குள். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் மூடிக் கிடந்த ஒரு வெந்நீர் ஊற்று விடுதி இருந்தது. இது தெரியாமல் ஏறத்தாழ 4,600 மீட்டர் உயர மலைமேல் ஏறினார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த மலையேற்றக் காட்சியைப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். இதை இரண்டு வசனத்திலாவது படம் சொல்லியிருக்கலாம்.

ரேடியோவைச் சரிசெய்யப் பார்க்கிறார்களே, ஏன் வேலை செய்யவில்லை?

தூரத்தில் விழுந்து கிடந்த வால்பகுதியில் பேட்டரிகள் கிடைத்தன. விமானி அறையிலிருந்து ரேடியோவைக் கழற்றி எடுத்துப் போய் அங்கே இணைத்துப் பார்த்தார்கள். நாள் கணக்கில் முயன்றவர் ராய் ஹார்லி என்ற பையன். ரேடியோவுக்குத் தேவை 115 வோல்ட் ஏசி மின்சாரம், அது எஞ்சின் ஓடும்போதுதான் கிடைக்கும். பேட்டரியில் இருந்தது 24 வோல்ட் டிசி. என்ன செய்தாலும் நடந்திருக்காது.

ஆனால் அந்த வால்பகுதிப் பயணம் வீண் போகவில்லை. அங்கே குழாய்களைச் சுற்றியிருந்த வெப்பத் தடுப்பு உறையைக் கொண்டு வந்தார்கள். கார்லித்தோஸ் பயேஸுக்குச் சின்ன வயதில் அம்மா தையல் கற்றுக் கொடுத்திருந்தார். பெட்டி ஒன்றில் கிடைத்த ஊசி நூலை வைத்து, அவர் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, மூன்று பேர் படுக்கக்கூடிய உறக்கப் பை தைத்தார்கள். மைனஸ் 30 டிகிரி வரை போகும் இரவில் வெளியே படுத்து உயிர் பிழைக்க வைத்தது அந்தப் பைதான். இருக்கையின் பின்பக்க அலுமினியத் தகட்டை மடித்து வெயிலில் வைத்துப் பனியை உருக்கித் தண்ணீர் எடுத்ததும், விமானி அறையின் நிறக் கண்ணாடித் துண்டுகளில் குளிர்க்கண்ணாடி செய்ததும், மெத்தைகளைக் காலில் கட்டிப் புதைபனியில் நடந்ததும் இப்படித்தான். வெளியே பார்க்க ஆள் இல்லாத ஒரு மலையில் அந்தப் பையன்கள் ஒரு தொழிற்சாலையே நடத்தியிருக்கிறார்கள். இரண்டு படத்திலும் இது போதாது என்பது என் எண்ணம். இந்த வேலைகளை இன்னும் நிதானமாகக் காட்டியிருக்கலாம்.

பனிச்சரிவுக் காட்சி நம்பவே முடியவில்லை. அவ்வளவு மோசமாக இருந்ததா?

இருந்தது. அக்டோபர் 29 இரவு, எல்லோரும் விமானத்துக்குள் படுத்திருந்தபோது பனி உள்ளே பாய்ந்தது. 27 பேரில் 8 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். மார்செலோ அதில் போனார். உயிரோடு இருந்த கடைசிப் பெண் லிலியானா மெத்தோல் அதில் போனார். அவருடைய கணவர் ஹாவியர் பிழைத்தார். வீட்டில் நான்கு குழந்தைகள் காத்திருந்தார்கள்.

மிச்சம் 19 பேர், நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாமல், இறந்தவர்களோடு, மூன்று நாள் அதற்குள் கிடந்தார்கள். ஓர் இரும்புக் கம்பியால் குத்தி மூச்சுக்கு வழி செய்தார்கள். அந்த நாட்களைப் படம் கிட்டத்தட்ட இருட்டிலேயே எடுத்திருக்கிறது. நான் சாய்ந்து உட்கார்ந்து பார்க்க முடியாமல் எழுந்து நின்று பார்த்த இடம் அது.

பத்து நாள் நடை படத்தில் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். படம் சுருக்கியதில் இதுதான் பெரிய சுருக்கம்.

டிசம்பர் 12 அன்று நாண்டோ பர்ராடோ, ராபர்ட்டோ கனேசா, அந்தோனியோ விசிந்தின் மூவரும் கிளம்பினார்கள். நாண்டோவுக்கு 23 வயது. விபத்தில் அம்மாவையும் தங்கையையும் இழந்தவர். கனேசாவுக்கு 19, மருத்துவ மாணவர். மலையேறும் பயிற்சி யாருக்கும் இல்லை. கயிறு இல்லை, ரக்பி காலணிதான். மூன்று நாள் ஏறி உச்சியை அடைந்ததும் பச்சைப் புல்வெளியை எதிர்பார்த்துப் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை பனிமலை. உணவு போதாது என்று விசிந்தினைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருவர் மட்டும் மேற்கே இறங்கினார்கள். சுமார் 60 கிலோமீட்டர் நடந்தார்கள்.

பனி குறைந்து, மண் தெரிந்து, ஓடை வந்து, மாட்டுச் சாணம் தெரிந்தது. டிசம்பர் 20 மாலை, இரைச்சலோடு ஓடும் ஆற்றின் மறுகரையில் குதிரையில் ஆட்கள். அவர்களில் ஒருவர் செர்ஹியோ கத்தலான், கால்நடைகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவர். ஆற்றுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நாளை என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை சொன்னபடி வந்தார். ஒரு கல்லில் தாளையும் பென்சிலையும் கட்டி எறிந்தார். நாண்டோ எழுதினார்: "மலைகளில் விழுந்த ஒரு விமானத்திலிருந்து வருகிறேன். நான் உருகுவேக்காரன். பத்து நாளாக நடக்கிறோம்." விமானத்தில் இன்னும் 14 பேர் இருப்பதையும், சாப்பாடு இல்லாததையும், தங்களால் நடக்க முடியவில்லை என்பதையும் எழுதினார். நாம் எங்கே இருக்கிறோம் என்றும் கேட்டிருந்தார். எழுதிய தாளைக் கல்லில் சுற்றித் திருப்பி எறிந்தார். கத்தலான் படித்துப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ரொட்டியை ஆற்றைத் தாண்டி வீசினார். அப்புறம் பல மணி நேரம் பயணம் செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார். 2020-இல் இறக்கும் வரை பிழைத்தவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மனிதராகவே வைத்திருந்தார்கள்.

இந்தப் பத்து நாளே ஒரு தனிப் படத்துக்குப் போதும். 'அலைவ்' படத்திலும் இது நீண்டு வரவில்லை. பயோனா மலையேற்றத்தைக் குறைத்து, மேலே காத்திருந்த 14 பேரின் நாட்களுக்கு இடம் கொடுத்தார். வீரம் இருவருடையது மட்டும் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். எனக்கு அந்தக் காரணம் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

படத்தை எங்கே, எப்படி எடுத்தார்கள்?

பெரும்பகுதி ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில். விபத்து நடந்த இடத்துக்கே போய் மலைகளைப் படமெடுத்துப் பின்னணியில் சேர்த்தார்கள். அதனால் திரையில் தெரியும் சிகரங்கள் அந்தப் பையன்கள் பார்த்த அதே சிகரங்கள். நடிகர்கள் உருகுவே, அர்ஜென்டினா நாட்டு இளைஞர்கள், அதிகம் அறியப்படாதவர்கள். நிகழ்வுகளைப் பெரும்பாலும் நடந்த வரிசையிலேயே எடுத்தார்கள், நடிகர்கள் மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மலையில் பையன்கள் எடுத்த நிஜப் புகைப்படங்கள் இருக்கின்றன, விமானத்தின் வெளியே வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்வது மாதிரி. படத்தில் சில காட்சிகள் அவற்றை அப்படியே திரும்ப உருவாக்கியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நின்ற விதம்கூட ஒத்துப் போகும்.

உயிர் பிழைத்தவர்கள் படத்தை ஏற்றுக்கொண்டார்களா?

ஏற்றுக்கொண்டார்கள், சிலர் அதில் தோன்றவும் செய்தார்கள். கடைசியில் வானொலிக்காக உயிரோடு இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு தந்தை வாசிக்கிறாரே, அவர் ஓவியர் கார்லோஸ் பயேஸ் விலாரோ, கார்லித்தோஸின் அப்பா. அரசு தேடுதலை எட்டு நாளில் கைவிட்ட பிறகும் மகனைத் தேடி அலைந்தவர். பட்டியலில் மகன் பெயரும் இருந்தது. படத்தில் அவராக நடித்திருப்பது அதே மகன், கார்லித்தோஸ். ஐம்பது வருடம் கழித்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து தன் பெயரையே வாசிக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

இதே இயக்குநர் சுனாமி பற்றி ஒரு படம் எடுத்தாரே, அதிலும் இந்த நேர்மை இருந்ததா?

இல்லை. 2012-இல் வந்த 'தி இம்பாசிபிள்' படம், 2004 சுனாமியில் தாய்லாந்தில் சிக்கிப் பிழைத்த ஒரு ஸ்பானிஷ் குடும்பத்தின் கதை. படத்தில் அந்தக் குடும்பம் ஆங்கிலம் பேசும் குடும்பமாக மாறிவிட்டது, புகழ்பெற்ற ஆங்கில நடிகர்கள் நடித்தார்கள். தண்ணீர் வரும் காட்சி அவ்வளவு நிஜம். ஆனால் அந்த நாட்டு மக்கள் பெரும்பாலும் உதவ வரும் கைகளாக மட்டும் வந்து போகிறார்கள்.

அதே அலை அதே காலையில் நம் கரைக்கும் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் பல்லாயிரம் பேர். அந்தக் கடற்கரைகளைத் தெரிந்தவர்களுக்கு, ஒரு சுற்றுலாக் குடும்பம் ஒன்றுசேர்ந்து விமானம் ஏறிப் போவதோடு கதை முடிவதைப் பார்க்கையில் ஏதோ ஒன்று தொண்டையில் நிற்கும். விமானம் ஏற முடியாதவர்கள் கரையில்தான் இருந்தார்கள்.

அந்தப் படத்துக்காகத் தகவல் தேடும்போதுதான் பயோனா வியர்சியின் புத்தகத்தைப் படித்தார். பிறகு ஆண்டிஸ் கதையை ஸ்பானிஷ் மொழியில்தான் எடுப்பேன் என்று நின்று, பணம் திரட்டுவதற்கே வருடக் கணக்கில் காத்திருந்தார். சுனாமி படத்தில் விட்டதை இந்தப் படத்தில் பிடித்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதினைந்து, பதினாறு வயதுக்கு மேல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். விமானம் உடையும் காட்சியும் பனிச்சரிவும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?

மீட்புக்குப் பின் 1973 ஜனவரியில், இறந்தவர்களை விமானம் கிடந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, பனிச்சரிவு எட்டாத இடத்தில் ஒன்றாகப் புதைத்தார்கள். கற்களை அடுக்கி இரும்புச் சிலுவை ஒன்று நட்டார்கள். கோடைக் காலத்தில் அர்ஜென்டினா பக்கமிருந்து குதிரையிலும் நடந்தும் அங்கே போகிறார்கள். குடும்பத்தார் போகிறார்கள், பிழைத்தவர்களும் போகிறார்கள்.

ஒருவர் மட்டும் அங்கே இல்லை. ரஃபயேல் எச்சவாரென். கால்கள் அழுகிக்கொண்டிருந்த நிலையிலும் தன் பெயரைச் சொல்லி, நான் திரும்பிப் போவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். நவம்பர் 18 அன்று இறந்தார். அப்பாவிடம் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிழைத்து வந்த பையன்கள் அதை அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மலைக்குப் போனார், மகனின் உடலை எடுத்துக்கொண்டு இறங்கினார், மொண்டெவிடியோவில் அடக்கம் செய்தார்.